கதைக்கு உதவி வேணுங்க: பள்ளிபாளையத்துல ஒரு புலனாய்வு நிருபர், அவ வாழ்க்கை எப்படி இருக்கும்?

பவானிக்கூடல்
வியாழன், ராத்திரி 9:40

வணக்கமுங்க எல்லாருக்கும். ரெண்டு வருசமா எம்மனசுக்குள்ள ஒரு பொம்பள நிருபர் நடந்துக்கிட்டே இருக்கறா, இப்பத்தான் எழுத உக்காந்திருக்கறேன். முழுக்கக் கற்பனை ஆளுதான். பேரு மரகதம், வயசு 38, ஊரு பள்ளிபாளையம், அப்பா தறி ஓட்டுனவரு. எந்தப் பேப்பருக்கும் முழுநேர ஆளு கெடையாது, எழுதிக் குடுத்தா காசு, இல்லைனா இல்லை. ஆத்துக்கு இந்தப்பக்கம் நாமக்கல் மாவட்டம், பாலத்தைத் தாண்டுனா ஈரோடு மாவட்டம், அதுனால அவளுக்கு ரெண்டு கலெக்டர் ஆபீஸ், ரெண்டு எஸ்பி ஆபீஸ், ரெண்டு பக்கமும் "அது எங்க எல்லை இல்லீங்க"ன்னு சொல்ற ஆளுங்க.

கதைல அவ கையில எடுக்கற சமாச்சாரம் கிட்னி புரோக்கருங்க. 2025 ஜூலைல நம்ம பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளிங்க கிட்னி வித்த விசயம் வெளிய வந்துச்சில்ல, அரசாங்கம் விசாரணை வெச்சு திருச்சிலயும் பெரம்பலூர்லயும் ரெண்டு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கிட்னி மாத்தற அனுமதிய நிறுத்துனாங்க, பொறவு மதுரை ஐகோர்ட் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு போடச் சொல்லுச்சு. அந்தக் கேஸ நான் எழுதலீங்க, அதுல இருக்கற ஒருத்தரையும் எழுதல. ஆனா அந்த வேதனை இந்த மண்ணுல கெடக்கறது, அதைத் தொடாம எங்கூரு நிருபர் கதைய எழுத எனக்கு மனசு வல்லை.

மொத அத்தியாயத்துல புரோக்கர் பைக்ல பறக்கறான், மரகதம் ஸ்கூட்டில துரத்தறா, காவிரிப் பாலத்து நடுவுல மடக்கிப் புடிக்கறா. எழுதிப்போட்டு மருக்கா படிச்சா எனக்கே தொண்டைல முள்ளு மாதர நிக்குது. அவ விடியால எந்திரிச்சா என்ன பண்ணுவா, யாரு அவளை நம்பிப் பேசுவாங்க, எதுக்குப் பயப்படுவா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_மேசை
வெள்ளி, காலை 6:15

தம்பி, 31 வருசம் கோயமுத்தூர்ல செய்தி மேசைல இருந்துட்டு ஓய்வுபெற்றவன் நான். அந்தத் துரத்தலை மொதல்ல எடுத்துடுங்க.

புலனாய்வு நிருபரோட நாள்ல பாதி காத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுதான். ஜிஎச் (அரசு ஆஸ்பத்திரி) வாசல், சார்பதிவாளர் ஆபீஸ் பெஞ்சு, கோர்ட் வராண்டா. மீதிப் பாதி காகிதம். ஒரு உதாரணம் சொல்றேன். புரோக்கர் ஒருத்தன் மேல மரகதத்துக்குச் சந்தேகம் வருது. அவன் என்ன சம்பாதிச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்குவா? ஒரு சொத்து யாரு கைமாறுச்சுன்னு காட்டற வில்லங்கச் சான்று இப்ப பதிவுத்துறை வெப்சைட்லயே காசு இல்லாமப் பாக்கலாம், ஆனா அதுல ஆளு பேரைப் போட்டுத் தேட முடியாது, சர்வே நம்பர் வேணும். சர்வே நம்பர் எங்கிருந்து கெடைக்கும்? அந்த ஊருக்குப் போகணும், பேக்கரில ஒரு டீயும் தேங்கா பன்னும் வாங்கிக்கிட்டு அரைநாள் உக்காரணும், "அந்தத் தென்னந்தோப்பு இப்ப யாரு கையில இருக்குது"ன்னு பேச்சோட பேச்சாக் கேக்கணும். அப்புறம் புலப்படம், சிட்டா, வில்லங்கம்னு ஒவ்வொண்ணா வரும். மூணு வருசம் முன்னாடி தறி ஓட்டிட்டு இருந்தவன் பேர்ல ரெண்டு சைட்டு பதிவாயிருக்குதுன்னா அங்க கதை ஆரம்பிக்குது. பாலத்து நடுவுல இல்ல.

காசு விசயம் கண்டிப்பா எழுதுங்க. சின்ன ஊர்ப் பகுதிநேர நிருபருக்கு வர்றது பெட்ரோலுக்கே பத்தாது. அதுக்கு மேல விளம்பரம் புடிச்சுக் குடுக்கணும். தீபாவளி, பொங்கல், கும்பாபிசேகம், தலைவர் பிறந்தநாள். எந்த ஆஸ்பத்திரி மேல சந்தேகமோ அதே ஆஸ்பத்திரி வாசல்லதான் போன மாசம் வாழ்த்து விளம்பரம் கேட்டு நின்னுருப்பா. நான் மேசைல இருந்தப்போ ஒரு பையன் கொண்டுவந்த செய்தி ரெண்டு தடவ என் கையாலயே நின்னுச்சு. செய்தி சரியாத்தான் இருந்துச்சு. விளம்பரம் பெரிசா இருந்துச்சு. அந்தப் பையன் முகம் இப்பவும் எனக்கு மறக்கல.

பெருந்துறை_மேற்கு
வெள்ளி, காலை 11:02

மேல ஐயா எழுதுனதைப் படிச்சதுல இருந்து கை நடுங்குது, நானும் சொல்லீர்றேன். எங்கப்பா விவசாயக் காட்டுப் பத்திரத்தை அடமானம் வெச்சு, டெபாசிட் கட்டுனா மாசாமாசம் காசுன்னு சொன்ன கம்பெனில ஈமுப் பறவை வாங்கி விட்டவரு. விளம்பரம் பாத்துத்தான் போனாரு, எல்லாப் பக்கமும் விளம்பரம், பஸ்ல, பேப்பர்ல, டிவில. 2012 ஆகஸ்ட்ல பெருந்துறைல ஈமு கம்பெனிங்கள மூடுனப்போ எங்க பட்டில பறவைங்க நின்னுச்சு. தீவனம் வர்றது நின்னுபோச்சு. ஆளு ஒசரம் இருக்கற ஜீவனுங்க அது, பசில வேலிக் கம்பிய மூக்கால தட்டிக்கிட்டே இருக்கும், ராத்திரி பூரா டங்கு டங்குன்னு அந்தச் சத்தம். அப்பா எந்திரிச்சுப் போயி ஆட்டுக்கு வெச்சிருந்த மக்காச்சோளத்தைக் கொட்டுவாரு. பொறவு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997ன்னு ஒண்ணு இருக்குது, அதுக்குக் கோயமுத்தூர்ல தனிக் கோர்ட், சொத்தை முடக்கி ஏலம் விட்டுக் குடுப்பாங்கன்னாங்க, எங்கப்பா அலைஞ்ச அலைச்சலுக்கு ஒரு நோட்டு பத்தாது.

நான் கேக்கறது ஒண்ணுதான். உங்க மரகதம் எல்லாம் முடிஞ்ச பின்னாடி வந்து "எப்படி ஏமாந்தீங்க"ன்னு மைக் நீட்டறவளா இருக்கக்கூடாது. 2011லயே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாப் போதும்: இந்த முட்டைய வெளிய யாரு காசு குடுத்து வாங்கறாங்க, இந்தக் கறிய எந்த ஊருல யாரு திங்கறாங்க? வாங்கறவனே இல்ல. புதுசா வர்றவன் கட்டற டெபாசிட்தான் பழையவனுக்கு மாசக் காசு. இதைக் கண்டுபுடிக்கத் துரத்தல் வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும். அப்ப ஒருத்தர் எங்கப்பாவுக்குப் புரியற தமிழ்ல எழுதியிருந்தா காடு தப்பியிருக்கும்.

பழைய_மேசை
வெள்ளி, மதியம் 1:30

பெருந்துறைத் தம்பி, நான் இருந்த பேப்பர்லயும் அந்த மாதிரி விளம்பரம் வந்துச்சு. பக்கத்தைப் பாத்து அச்சுக்கு அனுப்புன கையில என் கையும் ஒண்ணு. உங்க அப்பாகிட்ட நேர்ல வந்து சொல்லவேண்டிய விசயம் இது.

பவானிக்கூடல், மரகதத்தோட மேசைல ஒரு நோட்டு வெய்யுங்க. "இன்னும் யாரும் புகார் குடுக்காதது"ன்னு தலைப்புப் போட்ட நோட்டு. புகார் வந்த பின்னாடி எழுதறதுக்கு நாங்க நூறு பேரு இருந்தோம்.

பாவுநூல்
வெள்ளி, ராத்திரி 10:48

நானு பள்ளிபாளையம்தானுங்க. தறிக்குடோன்ல தார் (நாடாக்குள்ள வெக்கற நூல் கட்டை) சுத்தி வளந்தவ, எங்கூட்டுக்காரரு இப்பவும் தறிதான் ஓட்டறாரு. இங்க நான் எச்சா எழுதறதில்லை, ஆனா இதைப் படிச்சுப்போட்டு சும்மா இருக்க முடியல.

மரகதம் போன்ல ரெக்கார்டு பண்ணிப் பேட்டி எடுக்கறான்னு மட்டும் எழுதிப்போடாதீங்க. இருவது தறி ஓடற குடோனுக்குள்ள ரெக்கார்டு போட்டா நாடா (குறுக்கு நூலை இங்கயும் அங்கயும் கொண்டுபோற கட்டை) அடிக்கற சத்தம் மட்டுந்தான் கேக்கும், மனுசக் குரலே வராது. நாங்க உள்ள பேசறதே ஒதட்டைப் பாத்துத்தான், மீதி கைச்சாடை. மொதலாளி வர்றாருன்னா ஒரு சாடை, பாவு (நீளவாட்டு நூல்) தீந்துபோச்சுன்னா ஒரு சாடை, கொழந்த அழுவுதுன்னா ஒரு சாடை. ஆறேழு வருசம் தறில நின்னா எட்டத்துல இருந்தே ஒதட்டைப் படிச்சுப்போடுவோம். மரகதம் தறிக்காரர் பொண்ணுன்னு சொல்றீங்க, அப்ப அவளுக்கும் அது வருமில்லீங்க. அவளுக்கு வர்ற பெரிய வித்தையே அதாத்தான் இருக்கும், போலீஸ்காரருக்கும் வராது, டவுன்ல இருந்து வர்ற டிவிக்காரருக்கும் வராது.

அப்புறம் இன்னொண்ணு. ரகசியம் பேசோணும்னா தறி ஓடையிலதான் பேசுவோம். காதுகிட்ட வாய வெச்சுக் கத்துனாலும் பக்கத்துத் தறிக்குக் கேக்காது. கரண்டு போனாத்தான் பயம். திடீர்னு அத்தனை தறியும் நின்னு குடோனே அமைதியாப் போயிரும், அப்ப யாரு என்ன பேசிட்டிருந்தாலும் எல்லாருக்கும் கேட்டுப்போடும். பாதிச் சொல்லோட வாய மூடிக்குவோம். உங்க கதைல கிட்னி குடுத்த ஒரு அக்கா தன் வயித்தைப் பத்திச் சொல்லிட்டிருக்கையில கரண்டு போகட்டும்.

புரோக்கரு கூலிங்கிளாஸ் போட்ட வெளியூர்க்காரன்னும் எழுதாதீங்க. குழு லோன் தவணை வெள்ளிக்கிழமை, எட்டுப் பேரு சேந்து கையெழுத்துப் போட்டிருப்போம், ஒருத்தி கட்டலைன்னா மத்த ஏழு பேரும் அவ ஊட்டு வாசல்ல போயி உக்காரோணும், அவளை வையறதும் நாங்கதான் அவ அழுவறதைப் பாக்கறதும் நாங்கதான். அந்த மாதர ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, நல்லாத் தெரிஞ்ச ஆளு, அண்ணன் மொறையோ சித்தி மொறையோ, வந்து திண்ணைல உக்காந்து சித்தநேரம் ஊர்க்கதை பேசிட்டு "ஒரு வழி இருக்குது அம்மிணி"ன்னு சொல்லும். அது தானும் கிட்னி குடுத்த ஆளாவே இருக்கும். தழும்பைக் காட்டி "என்னைப் பாரு, நல்லாத்தான இருக்கறேன்"ன்னு சொல்லும். அந்த ஆளை வில்லன்னு எழுதறதா என்னன்னு எனக்குத் தெரியல, நீங்க நல்லா யோசிச்சு எழுதுங்க.

கோர்ட்வாசல்
சனி, காலை 7:20

பாவுநூல் அக்கா கடைசியில தொட்ட எடத்துலதான் சட்டமும் முட்டி நிக்குது. ஈரோட்டுல வக்கீல் தொழில் பண்றவன் நான், கதாசிரியருக்கு இதை அவசியம் சொல்லணும்.

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994. நெருங்கின சொந்தம்னா குடுக்கலாம், புருசன் பொண்டாட்டி, அப்பா அம்மா, புள்ளைங்க, கூடப்பொறந்தவங்க. 2011ல திருத்தி தாத்தா பாட்டி, பேரன் பேத்தியவும் சேத்தாங்க. சொந்தம் இல்லாதவங்க அன்பு, பற்று காரணமாக் குடுக்கலாம், ஆனா முன்கூட்டியே அங்கீகாரக் குழு பாத்து ஒப்புதல் தரணும். புரோக்கர் நுழையற ஓட்டை அந்த "அன்பு"தான். எங்கியோ இருக்கற நோயாளிக்கும் பள்ளிபாளையத்துத் தறிக்காரம்மாவுக்கும் என்ன அன்புன்னு குழு முன்னாடி சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டுப் போவாங்க, வீட்டு வேலை பாத்தேன், எங்கள வளத்தாங்கன்னு. ரேசன் கார்டு, போட்டோ எல்லாம் தயாராகும்.

இப்ப முக்கியமானது. காசுக்கு உறுப்பு வாங்கி வித்தா, 2011 திருத்தத்துக்கு அப்புறம் அஞ்சு வருசத்துல இருந்து பத்து வருசம் வரை ஜெயில், அபராதம் 20 லட்சத்துல இருந்து ஒரு கோடி. அந்தப் பிரிவு புரோக்கருக்கு மட்டும் இல்லீங்க, காசு குடுக்கறவனுக்கும் உண்டு, காசு வாங்கறவங்களுக்கும் உண்டு. அதாவது மரகதம்கிட்ட வயித்தைக் காட்டி அழற அந்தக்காவும் சட்டப்படி குத்தவாளி. அந்தக்கா பேரு, ஊரு, முகம், கை வளையல் அடையாளம் எது அச்சுல வந்தாலும் மரகதமே அந்தக்காவைக் கூண்டுல ஏத்துன மாதிரி ஆயிடும். உங்க கதையோட முடிச்சே இதுதான்னு நான் நெனக்கறேன், புரோக்கரைப் புடிக்கறது ரெண்டாவது.

செய்தி குடுத்தவங்க பேரைச் சொல்ல மாட்டேன்னு நிருபர் நிக்கறதுக்கு நம்ம நாட்டுல முழுப் பாதுகாப்பு கெடையாது. பிரஸ் கவுன்சில் சட்டம் 1978ல 15ம் பிரிவுல, கவுன்சில் விசாரணைல மட்டும் கட்டாயப்படுத்த முடியாதுன்னு இருக்குது. கோர்ட் கேட்டா வேற கதை. அதே நேரம் கோர்ட் ஆவணம் மாதிரி பொதுப் பதிவுல இருக்கறதை வெச்சு எழுதறதுக்கு 1994ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்குது, தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரோட வாழ்க்கை வரலாறை வெளியிடறது சம்பந்தமா நக்கீரன் பத்திரிகை போட்ட வழக்கு அது. அதனால மரகதம் காகிதத்து மேல நின்னுக்கணும், மனுசங்க மேல நிக்கக்கூடாது.

சென்னிமலைக்காரன்
சனி, காலை 10:05

வக்கீல் ஐயா சொல்றது சட்டம், ஒத்துக்கறேன். ஆனா பேரே இல்லாம எழுதுனா யாரு நம்புவாங்க? "பெயர் சொல்ல விரும்பாத பெண்"ன்னு ஆயிரம் செய்தி படிச்சாச்சு.

நாங்க நொய்யல் பட்டவங்க. 1992ல ஒரத்துப்பாளையம் அணையக் கட்டுனாங்க, பாசனத்துக்குன்னு. திருப்பூர் சாயத் தண்ணி வந்து நின்னு அது சாயக் கொளமாயிருச்சு. தண்ணி தொறந்து விடுங்கன்னு கேக்கற அணையப் பாத்திருப்பீங்க, தொறந்து விடாதீங்கன்னு கும்புட்ட அணை அது. கெணத்துத் தண்ணிய டம்ளர்ல புடிச்சு டிடிஎஸ் மீட்டரை (தண்ணில கரைஞ்ச உப்பை அளக்கறது) விட்டா, குடிதண்ணிக்கு 500ங்கற எடத்துல நம்பர் ஏறிக்கிட்டே போகும். தென்னை மட்டை கருகுனதும் மாடு செனை புடிக்காததும் பாத்தவன் நான். ஆயக்கட்டு (ஆத்துத் தண்ணி பாயற நெலம்) விவசாயிங்க ஒட்டுக்காச் சேந்து பேரைச் சொல்லித்தான் ஐகோர்ட்ல நின்னாங்க, 2011 ஜனவரில ஐகோர்ட் சாயப்பட்டறைங்கள மூடச் சொன்னதுக்கு அப்படி நின்னதுதான் அடிப்படை. ஆளுங்க முகத்தைக் காட்டாம எந்த அநியாயமும் நின்னதில்லைங்கறது எங்க அனுபவம்.

கோர்ட்வாசல்
சனி, காலை 10:31

அண்ணா, நொய்யல் விவசாயிங்க பாதிக்கப்பட்டவங்க, அவங்க மேல சட்டம் எந்தக் குத்தமும் சொல்லல. இந்தக்கா நெலமை அப்படி இல்ல. அதுதான் எனக்கு வலிக்குது.

அரைப்பக்கம்
சனி, பொழுதோட 5:50

திருப்பூர்ப் பக்கம் 14 வருசமா நிருபரா இருக்கறேன், பொம்பள. இந்த இழைய மூணு தடவ படிச்சேன்.

சென்னிமலை அண்ணா கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில். பேரு இல்லாமலும் நம்ப வைக்கலாம், ஆனா அதுக்குப் பத்து மடங்கு வேலை செய்யணும். ஒருத்தரோட வாய்ப்பேச்சுக்கு நாலு காகிதம். அங்கீகாரக் குழுவுக்கு வந்த மனுவுல சொந்தம் இல்லாதவங்க எத்தனை, எந்தத் தாலுக்கா, எந்த வருசம், எத்தனை நிராகரிப்புன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேட்கணும். பேரைக் கேட்டா தனிப்பட்ட தகவல்னு மறுத்துருவாங்க, எண்ணிக்கைய மட்டும் கேக்கணும். பத்து ரூவா கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி அனுப்புனா 30 நாள்ல பதில் வரணும், வராது, மொத மேல்முறையீடு, அப்புறம் 90 நாளுக்குள்ள தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது. இது மாசக்கணக்குல போகும். அந்த மாசங்கள் பூரா மரகதம் வேற என்ன எழுதிப் பொழைக்கறா, மஞ்சள் வெலை, மாட்டுச்சந்தை, கும்பாபிசேகம், அதையும் எழுதுங்க. ஒரே ஒரு தாலுக்காவுல இருந்து மட்டும் இத்தனை பேருக்கு முன்பின் தெரியாத பணக்காரங்க மேல அன்பு வந்துருச்சுன்னு அந்த எண்ணிக்கை சொல்லும் பாருங்க, அதுக்கு மேல ஒரு முகம் வேண்டாம்.

பேரு வெளிய வந்தா என்னாகும்ங்கறதுக்குத் தூரமாப் போக வேண்டாம். 2019ல பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை விசயத்துல புகார் குடுத்த பொண்ணோட அடையாளம் பொறுப்புல இருந்தவங்க மூலமாவே வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் எங்க பக்கம் எத்தனை பொண்ணுங்க வாயத் தொறக்காமப் போனாங்கன்னு எனக்குத் தெரியும், என்கிட்ட பேச வந்துட்டு பேக்கரி வாசலோட திரும்பிப் போனவங்க இருக்காங்க. 2025 மே மாசம் ஒம்பது பேருக்கும் சாகற வரைக்கும் ஆயுள்னு தீர்ப்பு வந்த அன்னிக்கு எனக்கு மொதல்ல போன் பண்ணுனது அப்படித் திரும்பிப் போன ஒரு பொண்ணுதான். ஒண்ணும் பேசல, "பாத்தீங்களாக்கா"ன்னு மட்டும் கேட்டுச்சு.

அப்புறம் பயம். ராத்திரி போன்ல மிரட்டறது, வண்டிய இடிக்கறது, அதெல்லாம் நடக்காதுன்னு சொல்லல. ஆனா எங்க பக்கத்துல மிரட்டல் ஒரம்பரை (சொந்தக்காரங்க) வழியாத்தான் வரும். கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சு கை கழுவற எடத்துல பெரியப்பா மொறைல ஒருத்தரு வந்து, ரொம்ப அன்பாத் தோள்ல கை வெச்சு, "ஏங் கண்ணு, அந்த டாக்டரு நம்ம பங்காளிக்கு வேண்டியவரு, உனக்கும் ஒரு தங்கச்சி கல்யாணத்துக்கு இருக்கறா"ம்பாரு. அவ்வளவுதான். போலீஸ்ல போயி என்னன்னு புகார் குடுப்பீங்க? எனக்கு அப்படி நடந்துச்சு. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட சொன்னேன், அம்மா அரிசி பொடைச்சுக்கிட்டே "எழுதறத நிறுத்துனா அவிய நம்மளை மதிப்பாங்களா"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க.

அதுக்கு அடுத்தது வக்கீல் நோட்டீஸ். அவதூறுக்கு முன்னாடி ஐபிசி 499, 500, இப்ப 2024 ஜூலை 1ல இருந்து புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால 356ம் பிரிவு. ரெண்டு வருசம் வரை தண்டனை. எழுதறவ பேரு மேல வரும், பேப்பர்காரங்க வக்கீல் வெப்பாங்களான்னு தெரியாது, அதுவும் முழுநேர ஆளா இல்லாதவளுக்கு.

காளிங்கராயன்_வாய்க்கா
சனி, ராத்திரி 8:12

கதைல காட்டுப் பக்கமும் வரலாமில்ல? 2000 ஜூலை 30ல கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்துனது நம்ம தாளவாடி பக்கத்துக் காஜனூர்லதான, 108 நாளு, தூது போனது பத்திரிகைக்காரர் நக்கீரன் கோபால். அந்த மாதர தைரியம் மரகதத்துக்கும் வேணும்.

பழைய_மேசை
சனி, ராத்திரி 8:40

அந்தத் தைரியத்தை மறுக்கல தம்பி, அப்ப நாங்க மேசைல தூங்காம இருந்தவங்க. ஆனா தூதுவரா அரசாங்கம் சொல்லிப் போறது ஒரு வேலை, யாரும் சொல்லாம ஜிஎச் வாசல்ல மூணு மாசம் உக்காந்திருக்கறது இன்னொரு வேலை. ரெண்டாவதை யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க. இந்தக் கதை அதைப் பத்தி இருக்கட்டும்.

பவானிக்கூடல்
ஞாயிறு, மதியம் 3:05

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்புடறனுங்க. ராத்திரி முழுக்க உக்காந்து மொத அத்தியாயத்தைக் கிழிச்சுப்போட்டு மருக்கா எழுதினேன். பாலம் போயிருச்சு, ஸ்கூட்டி துரத்தல் போயிருச்சு. ஒரு எடம் மட்டும் போடறேன், தப்பு இருந்தாச் சொல்லுங்க.

"தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக்காவின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மரகதம் நோட்டை விரிக்கவில்லை. அந்தக்காவின் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுனது ஒண்ணு, கைக்கு வந்தது ஒண்ணு என்றது உதடு. குழுக் கடன் அடைஞ்சுது, தறிக்காரருகிட்ட வாங்குன முன்பணம் அடையல என்றது. அந்தக்கா ஒரு கையால் நாடாவைப் பார்த்துக்கொண்டே மறு கையால் சேலையை விலக்கி வலது விலாவுக்குக் கீழே கோடாக ஓடிய தழும்பைக் காட்டினாள். 'இதை யாருகிட்டயும்' என்று உதடு அசைந்தபோது மின்சாரம் போனது. இருபது தறியும் ஒன்றாக நின்றன. 'சொல்லிப்போடாத கண்ணு' என்ற மீதிச் சொல் குடோன் முழுக்கக் கேட்டது. நாலு தலைகள் திரும்பின. மரகதம் சட்டென்று எழுந்து, 'சரிங்க்கா, கல்யாணப் பத்திரிகை அடிச்சதும் மொதல்ல உங்களுக்குத்தான், யாருகிட்டயும் சொல்லலீங்க' என்று சத்தமாகச் சிரித்தாள்."

அதுக்கப்புறம் அவ வெளிய வந்து ஆத்துப் படில உக்காந்து, கேட்டதை எல்லாம் எழுதறா. பேரு எழுதற எடத்துல ஒண்ணும் எழுதாம விட்டுட்டு அந்தத் தழும்புக் கோட்டை மட்டும் வரையறா. இந்தக் கதை முடியறவரைக்கும் அந்தக்காவுக்குப் பேரு கெடையாதுங்க, படிக்கறவங்களுக்கும் நான் சொல்லப் போறதில்லை.

கோர்ட்வாசல்
ஞாயிறு, மதியம் 3:40

நல்லா வந்திருக்குது. ஒரே ஒரு விசயம் பின்னாடி அத்தியாயத்துக்கு. உறுப்பு மாற்றுச் சட்டத்துல போலீஸ்ல புகார் குடுத்த ஒடனே கோர்ட் எடுத்துக்காது. உரிய அதிகார அமைப்பு புகார் பண்ணணும், இல்லைன்னா தனி ஆளு ஒருத்தர் அந்த அமைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்புக் குடுத்துட்டு அதுக்கப்புறம் கோர்ட்டுக்குப் போகலாம். மரகதம் அந்த முன்னறிவிப்பை அனுப்பறா, ஸ்பீட் போஸ்ட் ரசீதைக் கையில வெச்சுக்கிட்டு 60 நாளை எண்ணறா. அந்த 60 நாள்ல யாரு யாரு அவ வீட்டுத் திண்ணைக்கு வர்றாங்கங்கறது உங்க கதை.

சென்னிமலைக்காரன்
ஞாயிறு, மதியம் 4:16

படிச்சேன். பேரு இல்லாமயே அந்தக்கா எனக்குத் தெரிஞ்சவங்க மாதர இருக்குது. நேத்து நான் சொன்னதுல நொய்யல் பத்தின பேச்சை மட்டும் வெச்சுக்குங்க, மத்தது வேண்டாம்.

பெருந்துறை_மேற்கு
ஞாயிறு, பொழுதோட 6:02

எங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். கல்யாணப் பத்திரிகைன்னு மாத்திச் சொல்ற எடத்துல "கெட்டிக்காரி"ன்னாரு. பழைய மேசை ஐயாவுக்கு, வரணும்னா எப்ப வேணாலும் வாங்கன்னு சொல்லச் சொன்னாரு. காடு பெருந்துறைல இருந்து ஆறு கிலோமீட்டர்.

பாவுநூல்
ஞாயிறு, ராத்திரி 11:20

எல்லாம் சரியா இருக்குதுங்க. குடோன், பஞ்சு, கரண்டு போறது எல்லாம் நேர்ல நின்னு பாத்த மாதர இருக்குது. ரெண்டு எடம் மட்டும் மாத்தோணும்.

தறி ஓடையில ஒரு கையால சேலைய விலக்க முடியாதுங்க, நூல் அறுந்தா அந்தத் தறிய நிறுத்தி முடி போடோணும், அப்ப சித்தநேரம் கை சும்மா இருக்கும், அப்பத்தான் காட்டுவாங்க.

இன்னொண்ணு, வலதுபக்கம்னு எழுதியிருக்கறீங்க. பெரும்பாலும் இடதுபக்கந்தான் எடுப்பாங்க. எங்கம்மாவுக்கு இடது. பாவு தூக்கையில இப்பவும் இடது கையக் கொண்டுபோயி அங்க வெச்சுக்கும்.

பவானிக்கூடல்
ஞாயிறு, ராத்திரி 11:34

ரெண்டையும் மாத்திட்டனுங்க அக்கா.